தின்றது உடம்பில் ஒட்டுவது எங்கே?

(மதுரை காளவாசலில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வேலை முடிந்த கையோடு, தேனி ரோட்டு நெரிசலையும் பைபாஸ் சிக்னலையும் தாண்டி, ஓர் அறிவியல் பேச்சைக் கேட்கக் காளவாசலில் இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள். அந்த அக்கறைக்கு ஈடு கொடுக்கும் பொருளைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை வளர்க்கும் தாய் அடிக்கடி சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: "எவ்வளவு குடுத்தாலும் இந்தப் புள்ளைக்கு ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது." அவருக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? "முட்டை கொடுங்க, பருப்பு கொடுங்க, கீரை கொடுங்க" என்கிறோம். அவர் கேட்டது என்ன கொடுப்பது என்றா? கொடுத்தது ஏன் ஒட்டவில்லை என்றல்லவா கேட்டார்! அந்தக் கேள்விக்கு நேராக நின்று பதில் தேடுவதே இந்தப் பேச்சின் நோக்கம். ஊட்டத்தைத் தட்டில் வைத்து அளக்கிறோம். ஆனால் அது குடல் சுவரில்தான் முடிவாகிறது. குடல் வெறும் குழாயாகக் கிடந்து வந்ததையெல்லாம் உறிஞ்சுவதில்லை. அதற்குச் செய்திகள் வருகின்றன, அந்தச் செய்திகளைப் பார்த்து அது முடிவெடுக்கிறது. அப்படி வரும் செய்திகளில் ஒன்றின் பெயர் லெப்டின். அதைப் புரிந்துகொண்டால், பிள்ளைகளின் ஊட்டம் குறித்து மாநகராட்சியும் அரசும் வீடும் செய்ய வேண்டியது என்ன என்பதும் புரியும்.

லெப்டினின் கதை 1949இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், அடங்காப் பசியோடு தின்று தின்று பெருத்துப்போன எலிகள் சில தென்பட்டன. அவற்றின் ரத்தத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று டக்ளஸ் கோல்மன் காட்டினார். குறைந்தது எது என்பதை நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் 1994இல் கண்டுபிடித்தார்கள். கொழுப்புத் திசு சுரக்கும் ஒரு சிறு புரதம் அது. கொழுப்பு போதிய அளவு சேர்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிப் பசியைத் தணிப்பது அதன் வேலை. உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகமே துள்ளிக் குதித்தது. குதித்த வேகத்தில் ஏமாற்றமும் வந்தது. பருத்தவர்கள் பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது. கேட்க வேண்டிய மூளை கேட்பதில்லை, அவ்வளவுதான். பத்திரிகைகள் லெப்டினை மறந்தன. ஆனால் கதையின் முக்கியமான பாதி அதற்குப் பிறகுதான் வருகிறது, அது நடக்கும் இடம் நம் வயிறு.

1998இல் பாரிசில் ஆந்த்ரே பாடோவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு செய்தி வெளியிட்டார்கள்: லெப்டினை இரைப்பையும் சுரக்கிறது. புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்கு மூலமான பெப்சினோஜனைச் சேர்த்து வைத்திருக்கும் செல்களிலேயே லெப்டினும் பொதிந்திருக்கிறது. பட்டினி போட்ட எலிக்குத் தீனி வைத்ததும், சிறிது நேரத்திலேயே இரைப்பையில் இருந்த லெப்டின் இருப்பு குறைந்தது, ரத்தத்தில் லெப்டின் ஏறியது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனித இரைப்பையிலும் இது உறுதியானது. இங்கே கூர்மையான ஒருவர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, இரைப்பை என்பது அமிலத் தொட்டி. புரதத்தைச் சிதைப்பதற்கென்றே இருக்கும் இடம். அங்கே சுரக்கும் ஒரு புரதம் எப்படிப் பிழைக்கும்?" மிக நியாயமான கேள்வி. இரைப்பை லெப்டின் தனியாகக் கிளம்புவதில்லை; தன்னைப் பற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்தே வெளிவருகிறது. அந்தத் துணை அதை அமிலத்திலிருந்து காக்கிறது. உருக்குலையாமல் அது முன்சிறுகுடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே குடல் செல்களின் உட்பரப்பில், உணவு படும் பக்கத்திலேயே, லெப்டினுக்கான ஏற்பிகள் காத்திருக்கின்றன. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் ரத்தத்தின் வழியாக, உடலின் நீண்டகால இருப்பைச் சொல்கிறது. இரைப்பை லெப்டின் உணவோடு உணவாக இறங்கி வந்து, "இதோ, இந்த வேளைச் சாப்பாடு வருகிறது" என்று குடலுக்கே நேரில் சொல்கிறது.

சொன்னதைக் கேட்டுக் குடல் என்ன செய்கிறது? இந்த இடத்தில் ஒரு சோதனையை அருகில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் என் வாதத்தின் முளைக்குச்சி இதுதான். நாம் சாப்பிடும் பருப்பும் சுண்டலும் முட்டையும் செரிக்கப்படும்போது, இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டுகளாகின்றன. அந்தத் துண்டுகளைக் குடல் செல்லுக்குள் இழுப்பது பெப்டி 1 என்ற கடத்திப் புரதம். சிபாலெக்சின் என்று மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அந்த ஆன்டிபயாடிக்கும் இதே வழியாகத்தான் உள்ளே போகிறது. 2001இல் வெளியான ஆய்வில், தட்டில் வளர்த்த மனிதக் குடல் செல்களின் ஒரு பக்கத்தை உணவுப் பக்கமாகவும் மறுபக்கத்தை ரத்தப் பக்கமாகவும் வைத்துக்கொண்டு லெப்டினைச் சேர்த்துப் பார்த்தார்கள். உணவுப் பக்கத்தில் சேர்த்தபோது புரதத் துண்டுகள் உள்ளே போவது கூடியது. ரத்தப் பக்கத்தில் சேர்த்தபோது எதுவும் நடக்கவில்லை. சரி, கூடியது எப்படி? செல் புதிதாகக் கடத்திகளைத் தயாரித்ததா? தயாரிக்கவில்லை. செல்லுக்குள் ஏற்கெனவே இருப்பில் கிடந்த கடத்திகள் விளிம்புக்கு நகர்ந்து வந்தன. உள்ளே இருந்த இருப்பு அந்த அளவுக்குக் குறைந்தது. செல்லின் உள் போக்குவரத்தை முடக்கும் மருந்தைச் சேர்த்தால் இந்த நகர்வு நின்றுபோனது. ஆக, ஒரே குடல், ஒரே செல், ஒரே உணவு. செய்தி வந்தால் ஓர் அளவு உள்ளே போகிறது, வராவிட்டால் வேறு அளவு போகிறது.

எல்லாச் சத்துக்கும் இப்படி ஒரே மாதிரிக் கதவு திறக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எலியின் குடலில் உணவுப் பக்கத்திலிருந்து லெப்டின் பட்டதும், சோடியத்தோடு சேர்த்து குளுக்கோஸை இழுக்கும் கடத்தியின் வேகம் சட்டென்று குறைந்தது என்று 2005இல் காட்டப்பட்டது. பிரக்டோஸ் சர்க்கரைக்கோ வேகம் கூடியது. நம் பக்கத்து விவசாயிகளுக்குப் பேரணையைத் தெரியும். வைகையில் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும், பேரணையில் ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தானே மேலூர்ப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர்? ஆற்றில் வெள்ளம் போவதும் வயல் நனைவதும் இரண்டு தனி விஷயங்கள். குடலின் கடத்திகளும் அப்படியே ஏறி இறங்குகின்றன. லெப்டின் அவற்றை அசைக்கும் கைகளில் ஒன்று.

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். தப்பித்து ஓட எனக்கு விருப்பமில்லை. முதல் கேள்வி: "எலியிலும் கண்ணாடித் தட்டிலும் பார்த்ததை வைத்து எங்கள் பிள்ளையின் வயிற்றைப் பற்றிப் பேசலாமா?" உறிஞ்சும் அளவைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு முழு வலு உண்டு, மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை எலியிலும் செல்லிலும் நடந்தவைதான். ஆனால் குடல் சுவரின் நலத்தைப் பொறுத்தவரை மனிதச் சான்றே இருக்கிறது, அதுவும் நம் அண்டை வீட்டில். வங்கதேசத்தின் டாக்கா நகரில், நெருக்கடியான குடியிருப்புகளில் வாழும் சிறு பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். சீதபேதியை உண்டாக்கும் அமீபா சில பிள்ளைகளை மட்டும் திரும்பத் திரும்பத் தாக்குவது ஏன் என்று தேடினார்கள். 2011இல் விடை வெளியானது. லெப்டின் ஏற்பியில் ஒரே ஓர் எழுத்து அளவுக்கு மாறுதல் கொண்ட பிள்ளைகளுக்கு, அந்த மாறுதல் இல்லாத பிள்ளைகளைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு தொற்று வாய்ப்பு இருந்தது. அதே மாறுதலை எலிகளில் புகுத்தியபோது அவற்றின் குடல் சுவரும் கூடுதலாகச் சிதைந்தது. ஒரே தெரு, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே வகைச் சோறு. ஒரு பிள்ளையின் குடல் சுவர் தாங்குகிறது, இன்னொரு பிள்ளையின் குடல் சுவர் தாங்கவில்லை. லெப்டின் செய்தியைக் குடல் செல் சரியாகக் கேட்கிறதா என்பது அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு வகிக்கிறது. தாய்மார்களே, "பக்கத்து வீட்டுப் புள்ள தேறுது, எம்புள்ள தேறல" என்று நீங்கள் வருந்தும்போது, அது உங்கள் சமையலின் குற்றமோ கவனிப்பின் குற்றமோ என்று மனம் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

குடல் சுவர் சிதைவது பரம்பரையால் மட்டும்தானா? இதற்குப் பதில் சொல்ல வேலூருக்குப் போக வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் 1960களிலிருந்து தென்னிந்தியர்களின் சிறுகுடலை ஆராய்ந்தார்கள். நோயென்று எதுவும் இல்லாத மனிதர்களின் குடலிலும், சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மேலைநாட்டவருக்கு இருப்பதைவிடக் குட்டையாகவும் தடித்தும் இருப்பதைக் கண்டார்கள். இது நம் இனத்தின் வாகு என்று யாராவது சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடியாதபடி வேறொரு சான்று இருக்கிறது. அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் வந்து தங்கிய அமெரிக்கத் தன்னார்வலர்களின் குடலும் இதே போல மாறியது. ஊர் திரும்பிய பிறகு மெல்லச் சரியானது. ஆக, காரணம் ரத்தத்தில் இல்லை, சூழலில் இருக்கிறது. வாய் வழியாக ஓயாமல் உள்ளே போகும் கிருமிகளால் குடல் சுவர் ஓயாமல் அழற்சியில் கிடக்கிறது. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து நம் பிள்ளைகளுக்கு எதிர்பார்த்த அளவு பலன் தருவதில்லை என்று அதே வேலூரில் டி. ஜேக்கப் ஜான் 1970களில் எடுத்துச் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மருந்தும் சரி, சோறும் சரி, தின்றால் மட்டும் போதாது. குடல் ஏற்க வேண்டும்.

இரண்டாவது எதிர்க்கேள்வி இன்னும் வலுவானது. "பிறவியிலேயே லெப்டின் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்களே! அவர்களுக்குச் சத்து ஏறாமலா போகிறது? பெருத்தல்லவா போகிறார்கள்?" உண்மைதான். 1997இல் இங்கிலாந்தில், பாகிஸ்தான் வழிவந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இருவரிடம் இந்தக் குறைபாடு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ரத்தத்தில் லெப்டின் இல்லை என்றே சொல்லலாம். பசி அடங்கவே இல்லை. எடை ஏறிக்கொண்டே போனது. லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடை இறங்கியது. லெப்டின் இல்லாவிட்டால் உறிஞ்சலே நின்றுவிடும் என்று நான் சொல்லியிருந்தால், இந்த இரண்டு பிள்ளைகளே என் வாதத்தை உடைத்திருப்பார்கள். நான் சொல்வது அதுவல்ல. குடலுக்குச் செய்தி கொண்டுவருபவை பல: கோலிசிஸ்டோகினின் என்ற ஹார்மோன் உண்டு, இன்சுலின் உண்டு, நரம்புகள் உண்டு. ஒன்று பிறவியிலேயே இல்லையென்றால் மற்றவை சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். லெப்டின் குடலின் எசமானன் இல்லை. அளவைக் கூட்டிக் குறைக்கும் பணியாளர்களில் ஒருவர். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துருக்கியில் இதே குறைபாடு கொண்ட ஒரு குடும்பத்தில், பருத்த பிள்ளைகள் பலர் சிறு வயதிலேயே தொற்றுநோயால் இறந்திருக்கிறார்கள். எடை கூடியது, உடல் காக்கப்படவில்லை. எடை மட்டுமே ஊட்டத்தின் அளவுகோல் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு என்ன வேண்டும்?

அந்த நம்பிக்கை நம் தமிழ்நாட்டிலேயே பொய்த்துக்கொண்டிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். அதே பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். எடையும் மிகுதி, ரத்தமும் குறைவு என்றால் இது எப்படி? தாய்லாந்து, மொராக்கோ, இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் பெண்களையும் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை இதற்கு வெளிச்சம் தருகிறது. கொழுப்பு கூடக் கூட, உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவது குறைகிறது. இரும்பு சேர்த்த உணவு கொடுத்தாலும் பலன் குறைகிறது. மிகுந்த கொழுப்பு உடலில் மெல்லிய அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சி ஈரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. லெப்டினும் ஈரல் செல்களில் ஹெப்சிடினைக் கூட்டும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். ஹெப்சிடின் கூடினால், குடல் செல்லுக்குள் வந்த இரும்பு ரத்தத்துக்குப் போகும் வழி அடைபடுகிறது. இரும்பு மாத்திரையை வாங்கி வாங்கி விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணைப் பார்த்து, "நீ ஒழுங்காக மாத்திரை போடவில்லை" என்று கடிந்துகொள்வது எவ்வளவு அநியாயம்! மாத்திரையை எண்ணுகிறோம், குடலைக் கேட்பதில்லை.

தாய்ப்பாலுக்கு வருவோம். தாய்ப்பாலில் லெப்டின் இருக்கிறது. புட்டிப்பால் மாவில் இல்லை. பிறந்த எலிக்குட்டிகளுக்குப் பால் குடிக்கும் காலத்தில் லெப்டினை வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்த ஸ்பெயின் ஆய்வாளர்கள், அவை வளர்ந்த பிறகு அளவோடு தின்று எடை மிகாமல் இருந்ததைக் கண்டார்கள். மனிதத் தாய்மாரிடமும், பாலில் லெப்டின் கூடுதலாக இருந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு வயதில் எடை மிகாமல் இருந்தார்கள். தாய்ப்பாலின் பெருமையைக் கிருமி எதிர்ப்புக்காக நாம் பேசுகிறோம். அது பச்சிளம் வயிற்றுக்குக் கொண்டுபோகும் செய்திக்காகவும் பேச வேண்டும். மாவு டப்பாவின் மேல் எத்தனை வைட்டமின் அச்சிட்டிருந்தாலும் இந்தச் செய்தி அதற்குள் இல்லை.

மூன்றாவது எதிர்க்கேள்வி உணர்ச்சியிலிருந்து வருகிறது, அதற்கு நான் தலைவணங்குகிறேன். "பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதை விட்டுவிட்டு ஹார்மோன் பேசுகிறீர்களே?" சோறுதான் முதலில்! அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் இந்த மண்ணின் பெருமைகள். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம் மதுரையில், சிம்மக்கல் பக்கத்து மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில். உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரும் காலையிலேயே பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகின்றன. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையின் இரைப்பைக்கு அன்றாடம் அந்த முதல் கவளம் வந்து சேர்வது எவ்வளவு பெரிய காரியம்! அந்தக் காரியம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் பேசுகிறேன். மாநகராட்சி அரிசிக்கும் ரவைக்கும் பருப்புக்கும் செலவழிக்கிறது. அந்தப் பருப்பின் புரதம், அழற்சியில் குட்டையாகிப்போன குடலுறிஞ்சிகளில் பட்டு அரைகுறையாகக் கழிந்துபோனால், செலவழித்த பணம் எங்கே போனது? சாக்கடைக்கல்லவா போனது!

"சரி, கழிப்பறையும் கைகழுவலும் கொடுத்தால் தீர்ந்ததா?" என்று கேட்டால், அவசரப்பட்டு ஆமாம் சொல்ல மாட்டேன். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பெரிய அளவில் செய்து 2018, 2019ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வெளியான ஆய்வுகளில், வீட்டுக்கு வீடு எளிய கழிப்பறையும் தண்ணீர் சுத்திகரிப்பும் சோப்பும் கொடுத்தும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. இதைக் காட்டிச் சுகாதாரமே வீண் என்கிறவர்கள் உண்டு. நான் அந்த முடிவுக்கு வரவில்லை, அந்த ஆய்வாளர்களிலும் பெரும்பாலோர் வரவில்லை. வீட்டுக்குள் ஒரு வாளியும் சோப்பும் வைத்துவிட்டு, வாசலில் சாக்கடை திறந்து கிடந்தால், தவழும் பிள்ளையின் கை சுத்தமாகுமா? பக்கத்துக் கொட்டகையின் கோழிக்கழிவு முற்றத்தில் கிடந்தால் குடல் அழற்சி நிற்குமா? உயரத்தைக் கூட்ட அரைகுறைச் சுகாதாரம் போதவில்லை என்பதே அந்த ஆய்வுகள் சொல்லும் பாடம். தெரு முழுக்க மூடிய பாதாளச் சாக்கடையும், நாள் முழுக்கக் குழாயில் வரும் பாதுகாப்பான தண்ணீரும் வேண்டும். இது பெருஞ்செலவுதான். மருத்துவமனைச் செலவு என்றும் ரத்தசோகை மாத்திரைச் செலவு என்றும் வேறு வேறு கணக்குகளில் நாம் அதை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு சிறு எச்சரிக்கை. லெப்டின் பெயரைச் சொல்லி எடை குறைக்கும் மாத்திரைகள் என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்காதீர்கள். மாத்திரையாக விழுங்கும் புரதத்துக்கு இரைப்பை தானே அனுப்பும் காவல் துணை கிடையாது. மற்றப் புரதம் போல அதுவும் செரித்துப்போகும். உண்மையான லெப்டின் மருந்து ஊசியாகத்தான் இருக்கிறது. கொழுப்புத் திசுவே இல்லாத அரிய நோய்க்காக அமெரிக்கா அதை 2014இல் அனுமதித்தது. சாதாரணப் பருமனுக்கு அது மருந்து அல்ல.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது என்ன? மதுரை மருத்துவக் கல்லூரி நம் ஊரில் 1954 முதல் இருக்கிறது. அரசு ராசாசி மருத்துவமனை இருக்கிறது. காலை உணவு சாப்பிடும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் மாநகராட்சியின் கையில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வைகைக் கரையோர வார்டுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் எடை, உயரத்தோடு மலப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் பரிசோதனையும் ஆண்டுக்கு இருமுறை செய்யட்டும். அதே தெருக்களின் குழாய்த் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரின் அளவையும், சாக்கடை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதையும் பக்கத்திலேயே பதியட்டும். எந்த வார்டில் சாப்பாடு ஒட்டுகிறது, எந்த வார்டில் ஒட்டவில்லை என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் எண்ணிக்கையாகவே முன்னால் வந்து நிற்கும். பாதாளச் சாக்கடைப் பணியை எந்தத் தெருவில் முதலில் தொடங்குவது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் பதில் சொல்லட்டும்.